மூச்சு வாங்கினால் நடையை நிறுத்த வேண்டுமா? - சுவாச மண்டலமும் உடற்பயிற்சியும்

ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் பெரியவர்களை இப்போது தஞ்சை மாவட்டத்தின் எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஏதோ ஒன்றுக்காக மருத்துவர் நடக்கச் சொல்லி அனுப்பியவர்களே இவர்களில் அதிகம். ஆனால் தொடங்கிய சில நாட்களிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் "மூச்சு வாங்குது, நமக்கு ஒத்துவராது" என்பார்கள். இன்னொரு பக்கம், மாதக்கணக்கில் இருமிக்கொண்டும் இளைத்துக்கொண்டும் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களும் நம்மிடையே உண்டு. முன்னவர் பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறார். பின்னவர் பயப்பட வேண்டியதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார். மூச்சு எப்படி இயங்குகிறது, உடலுக்கு வேலை கொடுக்கும்போது அது ஏன் வேகமாகிறது என்பது தெரிந்தால் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரியும்.

காற்று போகும் வழி

மூக்கு வழியாக உள்ளே போகும் காற்று அங்கேயே சூடாகி, ஈரமாகி, தூசி வடிகட்டப்பட்டு, தொண்டை, குரல்வளை வழியாக மூச்சுக்குழாயை அடைகிறது. அது இரண்டாகப் பிரிந்து இரு நுரையீரல்களுக்குள் நுழைகிறது. அங்கிருந்து மேலும் மேலும் கிளை பிரிகிறது. கல்லணையில் பிரியும் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று ஓடி, பிறகு வாய்க்காலாகி, கன்னிவாய்க்காலாகி, கடைசியில் வயலின் மடையில் முடிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூச்சுக்குழாயும் இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளைத்து, கடைசியில் காற்று நுண்ணறைகள் என்ற மிகச் சிறிய பைகளில் முடிகிறது. ஒரு மனிதனுக்கு இவை 30 கோடிக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு சிறிய வீட்டின் தரைப்பரப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது!

ஒவ்வொரு நுண்ணறையையும் மெல்லிய ரத்த நுண்குழாய்கள் வலைபோலச் சுற்றியுள்ளன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதன் வழியாக ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு வெளியே வருகிறது.

நுரையீரலுக்குச் சொந்தமாக விரியும் சக்தி கிடையாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்க, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டை விரிக்க, உள்ளே அழுத்தம் குறைந்து காற்று தானாக நுழைகிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மூச்சை வெளியே விட எந்தத் தசையும் உழைப்பதில்லை. இழுத்த ரப்பர் சுருங்குவது போல நுரையீரல் தானே சுருங்கிவிடும்.

ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150 மில்லிலிட்டர் நுண்ணறை வரை போவதே இல்லை; குழாய்களில் நின்று அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. இது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 12 முறை, அரை லிட்டர் வீதம் நிதானமாக மூச்சு விடுபவருக்கு மொத்தம் 6 லிட்டரில் 4.2 லிட்டர் நுண்ணறைகளுக்குப் போகிறது. அதே 6 லிட்டரை 30 முறை, 200 மில்லிலிட்டர் வீதம் மேலோட்டமாக இழுப்பவருக்கு ஒன்றரை லிட்டர்தான் போய்ச் சேருகிறது. உழைப்பு அதிகம், வரவு குறைவு. நடக்கும்போது வாயைத் திறந்து 'ஹஸ் ஹஸ்' என்று வேகமாக மூச்சு விடுபவர்கள் சீக்கிரம் களைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயமும் நுரையீரலும் சேரும் இடம்

நுரையீரல் வாங்கிய ஆக்சிஜனை உடலெங்கும் கொண்டு செல்வது இதயத்தின் வேலை. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, அங்கிருந்து உடலுக்குப் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடப் படிக்கும் இந்தச் செய்தி ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. ரத்தம் இதயத்தின் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகவே வலமிருந்து இடம் போகிறது என்ற கிரேக்க மருத்துவர் காலனின் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அசைக்க முடியாததாக இருந்தது. அப்படி எந்தத் துளையும் இல்லை, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் வர வேண்டும் என்று எழுதியவர் இப்னு அந்நஃபீஸ். டமாஸ்கஸ் பகுதியில் 1213இல் பிறந்து, கெய்ரோவில் மருத்துவராக வாழ்ந்து 1288இல் மறைந்தவர். இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலிலுள்ள உடற்கூறியல் பகுதிக்கு 1242இல் எழுதிய விளக்கவுரையில் இதைச் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 29. ஐரோப்பாவில் வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டத்தைப் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1628இல்தான்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு பல நூற்றாண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்தபோதே உலகம் திரும்பிப் பார்த்தது. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ஹார்வியின் பெயருக்கு முன்னால் இவருடைய பெயரும் இருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் நமக்கு உண்டு.

உழைக்கும்போது நடப்பது

எழுந்து நடக்கத் தொடங்கிய முதல் சில நொடிகளிலேயே மூச்சு கூடிவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, அதன் பிறகு மூச்சு கூடுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ரத்தத்தில் எந்த மாற்றமும் வருவதற்கு முன்பே, கால்களை அசைக்க மூளை கட்டளையிடும்போதே சுவாச மையத்துக்கும் செய்தி போய்விடுகிறது. அசையும் மூட்டுகளும் தசைகளும் தங்கள் பங்குக்குத் தகவல் அனுப்புகின்றன. அதன் பிறகு மூச்சின் அளவைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. தசை வேலை செய்யச் செய்ய அது அதிகமாக உருவாகிறது. அது ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் மூளையின் அடியில் உள்ள முகுளம் உணர்ந்து, கூடுதலாக மூச்சு விடச் செய்து வெளியேற்றுகிறது. ஆக, மூச்சு வாங்குவது என்பது பெருமளவு, சேர்ந்த கழிவு வாயுவை உடல் அப்புறப்படுத்தும் வேலை.

எவ்வளவு கூடும்? ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை மாற்றும் நுரையீரல், கடும் உழைப்பின்போது ஆரோக்கியமான இளைஞரிடம் 100 லிட்டரைத் தாண்டும். பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடம் 150 லிட்டரும் அதற்கு மேலும் போகும். இதயமோ ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைச் செலுத்துகிறது. சாதாரண மனிதர் முழு வேகத்தில் ஓடினால் அது 20 லிட்டர் அளவுக்கு உயரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று பதினைந்து மடங்கு கூட முடிகிறது. ரத்த ஓட்டமோ நான்கு மடங்குதான். உச்ச வேகத்தில் ஓடும்போது கூட ஆரோக்கியமான நுரையீரல் தன் முழுத் திறனையும் பயன்படுத்துவதில்லை. ஐந்தில் ஒரு பங்காவது கையிருப்பில் இருக்கும்.

வேலை செய்யாமல் இருந்தவர் நாலு தெரு நடந்ததும் மூச்சு வாங்கி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் நுரையீரல் அல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் குறைவான ரத்தத்தை அனுப்பும் இதயமும், வந்த ஆக்சிஜனை முழுமையாகப் பயன்படுத்தப் பழகாத கால் தசைகளுமே காரணம். தசைக்கு ஆக்சிஜன் போதாதபோது லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதைச் சமன்படுத்தும்போது இன்னும் கொஞ்சம் கரியமில வாயு உருவாகிறது. அதை வெளியேற்ற மூச்சு திடீரென்று வேகமெடுக்கிறது. பேச்சு தடுமாறும் கட்டம் இதுதான். நடைப்பயிற்சிக்கு எந்த வேகம் சரி என்று மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோலும் இதையொட்டியதே: பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம்.

நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையைத் தலையிலும் முதுகிலும் ஏற்றும் தொழிலாளர்களின் மூச்சு வேறு வகையானது. அவர்கள் தூக்கும் நொடியில் தம் பிடிக்கிறார்கள். குரல்வளை மூடி, நெஞ்சுக்குள் அழுத்தம் உயர்ந்து முதுகெலும்புக்கு ஒரு முட்டுக் கொடுத்தது போலாகிறது. பழகிய உடலுக்கு அது உதவிதான். ஆனால் அந்த நொடியில் ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள் வீட்டில் அரிசி மூட்டையை நகர்த்தும்போதும் சரி, ஜிம்மில் எடை தூக்கும்போதும் சரி, தம் பிடிக்காமல் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குவது பாதுகாப்பானது.

பயிற்சி எதை மாற்றுகிறது?

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்கத் தொடங்கியவர் இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசத்தை உணர்கிறார். அதே தூரம், அதே வேகம், ஆனால் மூச்சு வாங்குவதில்லை. நுரையீரல் பெரிதாகிவிட்டதாக அவர் நினைக்கலாம். வளர்ந்த மனிதனின் நுரையீரல் பயிற்சியால் ஏறக்குறைய வளர்வதே இல்லை. மாறியது மற்றவை. ரத்தத்தின் அளவு கூடியிருக்கிறது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதலாக அனுப்புகிறது. தசைகளில் புதிய நுண்குழாய்கள் உருவாகியிருக்கின்றன. ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகியிருக்கிறது. அமிலம் சேர்வது தள்ளிப்போகிறது. சுவாசத் தசைகளும் வலுப்பெறுகின்றன.

மூச்சுத் தசைகளைப் பழக்குவதால் என்னவெல்லாம் முடியும் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. கும்பகோணம் அருகே நாச்சியார்கோவிலின் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணி நாகஸ்வரத்தைக் கற்றவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவின் கரவடியில் 1924இல் பிறந்து, பின்னர் ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1977இல் பத்மஸ்ரீயும் 1998இல் சங்கீத கலாநிதியும் பெற்றவர். தஞ்சை மாவட்டத்தின் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் அந்த நீண்ட வாத்தியத்தில், சிறு சீவாளி வழியாகக் காற்றை அழுத்தமாகவும் ஒரே சீராகவும் செலுத்த வேண்டும். வாசிப்பவர் ஒரு நொடியில் மூச்சை நிறைத்துக்கொண்டு, பல நொடிகளுக்கு அளந்து அளந்து செலவு செய்கிறார். ஒலிபெருக்கி முன்னால் மணிக்கணக்கில் உச்சத்தில் பாடிய நாகூர் ஹனிஃபாவின் நீண்ட மூச்சும் இப்படிப்பட்டதே. வயிற்றுத் தசைகளையும் விலாத் தசைகளையும் உதரவிதானத்தையும் பல ஆண்டுகள் பழக்கிய பலன் அது.

நம் நாட்டுப்புறத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கல்லணையிலிருந்து கடற்கரை வரை சமதளம். மலை இல்லை, மேடு இல்லை. சைக்கிளில் போகிறவனுக்கு ஆற்றுப்பாலத்தின் ஏற்றம்தான் ஒரே ஏற்றம். இப்போது அதையும் பைக்கில் கடக்கிறோம். மலையூரில் வசிப்பவனுக்கு மூச்சுத்திறன் குறைவது அன்றைக்கே தெரிந்துவிடும். நமக்கு அது தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. மாடி வீட்டுக்கு ஏறும்போதோ உம்ராவில் ஸஃபா, மர்வாவுக்கிடையே நடக்கும்போதோதான் தெரிகிறது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே நடக்கத் தொடங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

நெஞ்சு நோய்க்கு ஓய்வு மட்டுமா மருந்து?

"நெஞ்சில் கோளாறு என்றால் அசையாமல் படுத்திருக்க வேண்டும்" என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அது காரணமில்லாமல் வந்ததல்ல. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் சானடோரியம் என்ற மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, நல்ல காற்றும் நல்ல உணவும் கொடுப்பதே வைத்தியம். தஞ்சை மாவட்டத்தில் செங்கிப்பட்டி மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலே பெரியவர்களுக்கு அந்தக் காலம் நினைவுக்கு வரும்.

அந்த எண்ணத்தை உலக அளவில் மாற்றிய ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை மையத்தில், நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் படுக்கை ஓய்வு, நல்ல உணவு, ஓராண்டு மருந்து. மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே அதே மருந்து. வீட்டிலிருந்தவர்கள் குறைவாகவே சாப்பிட்டார்கள், அதிகமாக நடமாடினார்கள். ஆனாலும் இரு பிரிவினரின் குணமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. முடிவுகள் 1959இல் வெளியாயின. மருந்தைத் தவறாமல் சாப்பிடுவதே குணப்படுத்துகிறது, படுக்கை அல்ல என்பது தெளிவானது. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானோர் வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் பிரியாமல் சிகிச்சை பெற இதுவே வழி திறந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

புகைப்பழக்கத்தால் நுரையீரல் அடைப்பு வந்தவர்களுக்கும் இன்று மருந்தோடு சேர்த்து அளவான நடையும் பயிற்சியும் பரிந்துரைக்கிறார்கள். கெட்டுப்போன நுண்ணறை திரும்பி வராது. ஆனால் கால் தசைகள் தேறினால் அதே வேலைக்குக் குறைந்த மூச்சே போதும். மூச்சு வாங்கும் என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் தசை மேலும் இளைக்கும். முன்பு வாசல் வரை போகும்போது வந்த மூச்சிரைப்பு, பிறகு கட்டிலைவிட்டு எழும்போதே வரும்.

பீடி, சிகரெட் பற்றி ஒரு விஷயம். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடுகிறது. டீக்கடையில் புகைத்துவிட்டு நடைக்குக் கிளம்புகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை நடக்கும்போது காற்றில் வைக்கோல் தூசி நிறைந்திருக்கும். அரிசி ஆலைகளில் உமி, தவிட்டுத் தூசி ஆண்டு முழுவதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதோடு பனிக்காற்றும் சேர்ந்தால் மூச்சுக்குழாய்கள் சுருங்கி வீசிங் வரும். சிலருக்கு ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்திய சில நிமிடங்களில் நெஞ்சு இறுகி இருமல் தொடங்கும். இது உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா. நன்றாக ஓடும் பிள்ளை திடீரென்று விளையாட்டு நேரத்தில் ஒதுங்கி நின்றால் சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் இதைக் கவனியுங்கள். இவர்கள் பனி விலகிய பிறகு, களத்திலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் தள்ளி, பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு தொடங்கலாம். ஆலைத் தொழிலாளர்களுக்கு முகக்கவசம் அவசியம். தோளில் கிடக்கும் துண்டைச் சுற்றிக்கொள்வது பெரிய தூசியைத் தடுக்கும். நுண்ணறை வரை போகும் மிகச் சிறிய தூசியைத் தடுக்காது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வேகமாக நடந்து மூச்சு வாங்கி, நின்ற சில நிமிடங்களில் அடங்கிவிட்டால், வாரம் செல்லச் செல்லக் குறைந்தால், அது இயல்பானது. சமதளத்தில் மெதுவாக நடக்கும்போதே திணறினால், போன மாதம் நடந்த தூரத்தை இந்த மாதம் நடக்க முடியாவிட்டால், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், கால் வீங்கினால் இதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் என்றால் அன்றே மருத்துவமனை. 108ஐ அழைக்கத் தயங்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டுமே மாரடைப்பின் அறிகுறியாக வரலாம். பெண்கள் பலருக்கு ரத்தசோகையே மூச்சு வாங்குவதற்குக் காரணமாக இருக்கும். நுரையீரலும் இதயமும் நன்றாக இருந்தும் ஆக்சிஜனைச் சுமக்க ஹீமோகுளோபின் போதாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக இந்தப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், மாப்பிள்ளை அமையாது என்று மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மறைக்கும் ஒவ்வொரு வாரமும் அதே வீட்டிலுள்ள பேரப்பிள்ளைகள் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆஸ்துமா என்று உறுதியானவர்களிடம் உள்ள பெரிய பயம் "இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது" என்பது. மாத்திரை வயிற்றுக்குப் போய் உடல் முழுவதும் சுற்றி நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. அதனால் அதன் அளவு மிகச் சிறியது, பக்கவிளைவும் குறைவு. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன முறையில் பயன்படுத்தினால் அடிமையாக்காது. உறிஞ்சிய பிறகு முடிந்தால் பத்து நொடி மூச்சை நிறுத்தி வைத்து, பிறகு மெதுவாக விட வேண்டும். தடுப்பு மருந்து இன்ஹேலராக இருந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நடைக்கு முன் எடுக்க வேண்டுமா, எத்தனை நிமிடம் முன் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.